காலுக்கு யாரும் சொல்லவில்லை

என் மாமனாருக்கு எங்கள் வீட்டில் ஒரு பணி ஓய்வு விழா நடந்தது. அவருக்கு ஆபீஸ் கிடையாது, மேலதிகாரி கிடையாது. பட்டுத்தறி நெய்கிற மனிதர். அவருக்கு ஓய்வு கொடுத்தது அவர் பெற்ற பிள்ளை, அதாவது என் கணவர். இதைக் கேட்டவர்கள் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன், கொஞ்ச நேரத்தில் எனக்கே எரிச்சல் வந்துவிடும். நல்லது நினைத்துத்தான் செய்தோம். செய்தது நல்லதுதானா என்று இத்தனை வருஷம் யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

எழுபதுகளின் நடுவில் நான் போளூர்ப் பக்கத்திலிருந்து ஆரணிக்கு மருமகளாக வந்தேன். எங்களுடையது விவசாயக் குடும்பம். இரண்டு வீட்டாரும் ஒரே சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் என்பதால் அமைந்த சம்பந்தம். தறியை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. வீட்டு முன்கூடத்தில் பாதியை அது அடைத்துக்கொண்டிருந்தது. தறிக்குக் கீழே தரையில் ஒரு குழி. குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டு, அங்கிருக்கும் இரண்டு மிதிகட்டைகளை மாறி மாறி மிதிக்க வேண்டும். மாமனார் காலையில் ஜெபம் முடித்து, காபி குடித்துவிட்டு அதில் இறங்கினால், சாப்பாட்டுக்கு ஏறுவார், மறுபடி இறங்குவார், விளக்கு வைக்கும்போதுதான் முழுசாக வெளியே வருவார். இடுப்புக்கு மேலே வீட்டில் இருப்பார், இடுப்புக்குக் கீழே மண்ணுக்குள் இருப்பார். நான் முதல் நாள் காபி கொடுத்தபோது குனிந்து கொடுத்தேன். "மருமக ரொம்ப மரியாதக்காரி" என்று தெருவில் பேர் வந்துவிட்டது. அவர் தரை மட்டத்தில் இருந்தார், குனியாமல் எப்படிக் கொடுப்பது?

அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் எனக்கென்று ஒரு வேடிக்கை வைத்திருந்தார். புது இடத்தில் அம்மா வீட்டு நினைப்பு வந்து நான் கண் கலங்கி நின்றால், தறியை நிறுத்தாமலே தலையை மட்டும் திருப்பி, "இன்னாம்மா, போளூர்ல மழையா?" என்பார். அழுகை போய்ச் சிரிப்பு வந்துவிடும். அந்த வீட்டில் எனக்கு முதலில் பிடித்துப்போன ஆள் என் கணவர் இல்லை, அவர்தான்.

மழைக்காலத்தில் குழிக்குள் ஈரம் ஏறும். அவருக்கு இருமல் வரும். வந்தால் பொங்கல் தாண்டியும் போகாது. முழங்கால் இரண்டும் வலிக்கும், முதுகு நிமிராது. கடைத்தெரு டாக்டர் ஒரு தடவை நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தக் குழிய விட்டு வெளிய வந்துடுங்க பெரியவரே, இல்லன்னா நெஞ்சு தாங்காது" என்று சொல்லிவிட்டார். அதே சமயத்தில் என் கணவரின் ஆபீசில் சூப்பரின்டெண்ட் ஐம்பத்தெட்டு முடிந்து ஓய்வு பெற்றார். மாலை, சால்வை, வாழ்த்து மடல் எல்லாம் நடந்தது. அந்த விழாவிலிருந்து என் கணவர் ஒரு பூந்திப் பொட்டலமும் ஒரு யோசனையும் கொண்டு வந்தார்.

"நம்ம அப்பாவுக்கும் அதே வயசுதான். அவரு மட்டும் எதுக்குக் குழியில கெடக்கணும்? ரிட்டேர் ஆயி ஒக்காந்து சாப்புடட்டும்" என்றார்.

மாமியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார். "தறிக்காரனுக்கு ஏதுடா ரிட்டேரு? பொட்டில வச்சி எடுத்துகினு போறாங்களே, அன்னிக்கிதான்டா."

"அதெல்லாம் பழைய பேச்சும்மா."

குழிக்குள்ளிருந்து மாமனார் கேட்டார். "யாருக்குடா ரிட்டேரு?"

"உங்களுக்குத்தாம்பா."

"எனக்கா?" என்றார். முகத்தில் ஒரு பெருமை வந்தது, அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆபீசர்களுக்கு நடக்கிற ஒன்று தனக்கும் நடக்கப்போகிறது என்ற பெருமை. அவரைப் பிடித்துத் தள்ளி யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு என் கணவரைத் திட்டுகிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போதகரும் உறவுக்காரர்களும் வீட்டுக்கு வந்தார்கள். என் கணவர் வேலூரிலிருந்து பஸ் மேலே போட்டு ஒரு சாய்வு நாற்காலி கொண்டு வந்திருந்தார். பிரம்பு பின்னியது, நல்ல கைகளும் காலை நீட்டிக்கொள்ளப் பலகையும் உள்ளது. மாமனாரை அதில் உட்காரவைத்து, மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஆபீஸ் மடலில் பேரை மட்டும் மாற்றி வாசித்தார். "தங்களின் அயராத சேவை" என்று வந்ததும் மாமனாரே கை தட்டினார். அப்புறம் அவரைப் பேசச் சொன்னார்கள். நாற்காலியிலிருந்து எழ முயன்று, எழ வராமல், உட்கார்ந்தபடியே சொன்னார்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாளிக்கி காத்தால நான் இன்னா பண்றது?"

கூடமே சிரித்தது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும்தான் சிரித்தேன். அன்றைக்குப் பேசப்பட்டதில் புத்தியுள்ள பேச்சு அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. அவர் நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

தறி, பக்கத்துத் தெருவிலிருந்த அவருடைய பங்காளி வீட்டுக்குப் போனது. குழியில் மண்ணும் செங்கல் துண்டும் போட்டு நிரப்பி மேலே சிமெண்ட் பூசினார்கள். சிமெண்ட் இறுகுவதற்கு நான்தான் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். கூடம் பெரிதாகிவிட்டது. வந்தவர்களுக்குப் பாய் போட இடம் கிடைத்தது. குழி இருந்த இடத்துக்கு மேலேயே அந்த நாற்காலியைப் போட்டோம், அங்கேதான் வெளிச்சம் நன்றாக வரும்.

"அப்பாவ நீதான் பாத்துக்கணும். பாவம், ஒரு நாள் சொகமா இருந்தது கெடையாது. இனிமேனாச்சும் பத்து வருஷம் நல்லா இருக்கட்டும்" என்று இவர் என்னிடம் சொன்னார். சொல்லவே வேண்டியதில்லை. நானே அப்படித்தான் நினைத்திருந்தேன். பத்து வருஷத்துக்கு அவரை ஒரு குறையுமில்லாமல் வைத்துக்கொள்வது என் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

எப்படி வைத்துக்கொண்டேன் தெரியுமா? தண்ணீர் வேண்டுமென்றால் செம்பு கைக்குப் போகும். வெற்றிலை கைக்குப் போகும். காலையில் முட்டை, பதினோரு மணிக்குப் பால், சாயந்திரம் வடையோ போண்டாவோ. ரேடியோவைக்கூட நான்தான் திருப்புவேன். கொஞ்ச நாளில் இருமல் போன இடம் தெரியவில்லை. கன்னம் உப்பியது, முகம் பளபளத்தது, தொப்பை வைத்தது. பார்க்க வந்தவர்கள், "ஆபீசர் மாரி கீறாரே" என்றார்கள். எனக்கு மெடல் வாங்கின மாதிரி இருந்தது.

எல்லாம் சரியாக நடக்கும்போதுதான் கால் ஆட ஆரம்பித்தது.

ஆரம்பித்தது என்று நான் சொல்கிறேனே தவிர, எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியாது. ஒரு மத்தியானம் கூடம் பெருக்கிக்கொண்டிருந்தபோது பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்து கண் மூடியிருக்கிறார். வலது கால் கீழே அழுந்துகிறது, எழுகிறது. உடனே இடது கால் அழுந்துகிறது, எழுகிறது. தூக்கத்தில் ஏதோ என்று விட்டுவிட்டேன். அப்புறம் சாப்பிடும்போது பார்த்தேன், ரேடியோ கேட்கும்போது பார்த்தேன். உட்கார்ந்துவிட்டால் போதும், இரண்டு காலும் மாறி மாறி மிதிக்கும். ஆராதனையில் பெஞ்சில் உட்கார்ந்தால் 'தொம், தொம்' என்று பலகை அதிரும். போதகர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு ஒரு தடவை மாமனாரின் வரிசையைப் பார்த்தார். பிரசங்கம் நீளம் என்று பெரியவர் குறிப்புக் காட்டுகிறாரோ என்று நினைத்திருப்பார். நீளம்தான், அது வேறு விஷயம்.

"கால ஆட்டாதீங்க, குடும்பத்துக்கு ஆவாது" என்று மாமியார் அதட்டுவார். உடனே நின்றுவிடும். அவர் அந்தப் பக்கம் போனதும் மறுபடி ஆடும். உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு சாப்பிடட்டும் என்று ஆசைப்பட்டவர் என் கணவர். "நீங்க கேட்டது கெடச்சிடுச்சி" என்று நான் அவரைக் கிண்டல் செய்தேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "இது நரம்புத் தளர்ச்சி. எங்க ஆபீசில ஒருத்தருக்கு இப்டித்தான் கை ஆடும்" என்றார்.

ஒரு நாள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது மாமனாரிடமே கேட்டேன். "ஏன் மாமா கால ஆட்டிகினே இருக்கீங்க?"

குனிந்து தன் காலைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக் கோழி உள்ளே வந்துவிட்டதுபோல, அவ்வளவு ஆச்சரியமாகப் பார்த்தார். "நான் ஆட்டலியேம்மா. அதுவா ஆடுது" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்னிய ரிட்டேர் பண்ணான் ஒம் புருசன். காலுக்கு யாரும் சொல்லல போல கீது" என்றார். தானே சிரித்துக்கொண்டார்.

எனக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். விளங்கத்தான் செய்தது. தறி மிதித்த கால், பழக்கம் விடவில்லை, அவ்வளவுதான் என்று இவரிடமும் மாமியாரிடமும் சொன்னேன். "பழக்கம்னா நிறுத்தினா நிக்கணும் இல்ல?" என்று இவர் கேட்டார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. எனக்கு அந்த வீட்டில் எல்லார் பேச்சும் நியாயமாகவே படும், அதுதான் பேஜார்.

இதற்குள் அவருக்கு நாலடி நடந்தால் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. கடைத்தெரு டாக்டர் ரத்தக் கொதிப்பு என்றார். உப்பைக் குறைக்கச் சொன்னார், மாத்திரை கொடுத்தார், "நல்லா ரெஸ்ட் எடுக்கணும்" என்றார். இதற்கு மேல் ரெஸ்ட் எடுக்க வேண்டுமென்றால் மூச்சு விடுவதையும் நானே செய்தால்தான் உண்டு. எனக்குச் சந்தேகமாக இருந்தது. அப்பா வீட்டுக்குப் போகிற சாக்கில் மாமனாரைப் போளூர் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் முழுக்க விசாரித்துவிட்டு என்னைத்தான் திட்டினார். "நாள் முழுக்க காலால வேல செஞ்ச மனுசன். நாற்காலியில போட்டு வச்சிருக்கீங்களே! காலையில சாயந்திரம் நடக்கச் சொல்லுங்க." மாத்திரையை மட்டும் இரண்டு டாக்டரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

ஒருவர் உட்கார் என்கிறார், ஒருவர் நட என்கிறார். இரண்டு பேருமே படித்தவர்கள். நான் என் அப்பாவைப் பார்த்தேன். மாமனார் வயதுதான் அவருக்கும். பீடி குடிப்பார், ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காது, டாக்டர் வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாது. அந்த வயதிலும் வேர்க்கடலை மூட்டையைத் தலையில் தூக்கிப்போட்டுக்கொண்டு போவார். அதைப் பார்த்ததும் போளூர் டாக்டர் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

ஆரணிக்கு வந்ததும் மாமனாரை நடக்க அனுப்பினேன். அதில் ஒரு சிக்கல் வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் சும்மா நடக்கிறவர் கிடையாது. நடந்தால் எங்கேயாவது போக வேண்டும். தெருமுனைக்குப் போவதற்குள் நாலு பேர், "இன்னா பெரியவரே, எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்குச் சொல்லப் பதில் இல்லை. திரும்பி வந்துவிட்டார். "எங்கியும் போவாம எப்டிம்மா நடக்கறது?" என்றார். சரி என்று கையில் ஒரு பையைக் கொடுத்து, கருவேப்பிலை வாங்கி வரச் சொன்னேன். அது பலித்தது. காலையில் ஒரு கட்டு, மாலையில் ஒரு கட்டு. தெருவில் எல்லார் வீட்டுக்கும் கொடுத்து, மீதியை ஆட்டுக்குப் போட்டோம். அந்த மாதத்தில் அவருக்கு மூச்சு வாங்குவது குறைந்தது. காலும் அவ்வளவாக ஆடவில்லை. ராத்திரி நன்றாகத் தூங்கினார். எனக்கு வழி தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் போளூரிலிருந்து ஆள் வந்தது. என் அப்பா மடை திருப்பப் போனவர், வரப்பிலேயே விழுந்து இறந்துபோனார். மண்வெட்டி கையில் இருந்ததாம். கடலை மூட்டை தூக்கியவர், ஒரு நாள் படுக்காதவர். நெஞ்சு நின்றுவிட்டது என்றார் அதே போளூர் டாக்டர். "இந்த வயசுல இவ்ளோ வேல செய்யலாமா?" என்று என்னிடமே கேட்டார். அவர் கையைப் பிடித்து உலுக்கலாம் போல எனக்குக் கோபம் வந்தது. நடக்கச் சொன்னதும் இதே வாய்தானே!

அடக்கம் முடிந்து ஆரணிக்குத் திரும்பியதும், மாமனார் பையைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "வேணாம் மாமா. ஒக்காருங்க" என்றேன். ஒரு அப்பா போய்விட்டார். இவரை விடக் கூடாது. அது ஒன்றுதான் என் மனதில் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போளூர்ல மழைதான் இல்லம்மா?" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். கால் மறுபடி ஆட ஆரம்பித்தது.

இந்தத் தடவை கொஞ்சம் வேகமாகவே ஆடியது. மாமியாருக்கு அது தாங்கவில்லை. பாதத்தின் மேல் தலையணை வைத்துப் பார்த்தார், தலையணையும் சேர்ந்து குதித்தது. என் கணவர் நாற்காலிப் பலகையை நீட்டி அதன்மேல் காலைத் தூக்கி வைத்தார், அங்கேயும் ஆடியது. கடைத்தெரு டாக்டர் நரம்புக்கென்று தனியாக மாத்திரை கொடுத்தார். அதனால் மாமனார் பகலிலும் தூங்கினார், தூக்கத்திலும் கால் மிதித்தது. கடைசியில் மாமியார் சபையில் சொல்லிவிட்டார். எண்பதுகள் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து என்கிற தவக்காலத்து ஞாயிறு. போதகர் மாமனாரை முன்னால் வரச் சொல்லி, தலையில் கை வைத்து, "ஆண்டவரே, இந்தக் கால்களின் நடுக்கத்தை நிறுத்தும்" என்று ஜெபித்தார். சபை முழுக்க ஆமென் சொன்னது. மாமனார் கூச்சத்தில் தலை நிமிரவே இல்லை. ஊர் முன்னால் தன் கால் ஒரு குற்றவாளி ஆனதுபோல அவருக்கு இருந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து ஜெபத்தில் மாமியாருக்கு இது ஒன்றுதான் விண்ணப்பம்.

ஈஸ்டர் கழிந்து சில வாரம் இருக்கும். வழக்கம்போல ஆராதனைக்குப் போனோம். பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்தோம். பிரசங்கம் தொடங்கியது. பெஞ்சு அதிரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து அவர் கால் எனக்கு நன்றாகத் தெரியும். வலது கால் அப்படியே தரையில் இருந்தது. இடது கால் எப்போதாவது லேசாக எழுந்து, துணைக்கு ஆள் இல்லாமல் தானே அடங்கியது. மாமியார் என் கையைப் பிடித்து அழுத்தினார். அவர் கண்ணில் தண்ணீர். பிரசங்கம் முடியும் வரைக்கும் சத்தமே இல்லை. வெளியே வந்ததும் போதகர், "தேவன் நல்லவர்" என்று மாமனாரின் கையைக் குலுக்கினார். அவர் பதிலுக்கு ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். ஒரு பக்கமாகச் சிரித்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தோம்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். வழியில் அவருடைய வலது செருப்பு கழன்று பின்னால் தங்கிவிட்டது. அவர் கவனிக்காமல் நடந்துகொண்டே இருந்தார். நான் அதை எடுத்துக்கொண்டு ஓடிப்போய், "ஜெபம் பண்ணதுல கால் இப்டி லேசா ஆயிடுச்சா மாமா, செருப்பு போனதுகூடத் தெரியல!" என்று கேலி செய்தேன். எல்லாரும் சிரித்தோம். என் கணவர் கறி வாங்கிக்கொண்டு வந்தார். மாமியார் பால் பாயசம் வைத்தார். குழி இருந்த இடத்தில், நாற்காலியில், கால் ஆடாமல் மாமனார் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது. பாயசத் தம்ளரை நான்தான் அவர் கையில் கொடுத்தேன். தம்ளர் சரிந்து வேட்டியெல்லாம் கொட்டிற்று. துடைக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன், வலது கை மடியில் கிடந்தது. பாயசம் கொட்டியதை அந்தக் கை அறியவில்லை.

கடைத்தெரு டாக்டர் வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டு, "எப்பலேர்ந்து கால் அசைவு இல்ல?" என்று கேட்டார்.

"காலையிலேர்ந்து" என்றார் என் கணவர். "ஜெபம் பண்ணோம் டாக்டர், அதான்..." என்று சொல்ல வந்தவர், பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

வேலூரில் சேர்த்தோம். மூளையில் ரத்தக் குழாய் அடைத்து, உடம்பில் வலது பக்கம் விழுந்துவிட்டது என்றார்கள். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் என்று நான் கேட்டேன். கொஞ்சம் நல்லதாக இருந்திருக்கலாம் என்றார் ஒரு டாக்டர். வந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது என்றார் இன்னொருவர். இங்கேயும் இரண்டு பேர், இரண்டு பேச்சு. உட்காரவைத்ததால் வந்ததா, நடக்க விடாததால் வந்ததா, முட்டையும் போண்டாவும் செய்த வேலையா, முன்பே குழியில் பட்ட பாடா என்று வெள்ளைக் கோட்டு போட்டவர்களையெல்லாம் கேட்டேன். "எல்லாமும் இருக்கலாம்மா" என்றார் ஒரு நர்ஸ். அவர் பொறுமையாகச் சொன்னதே போதுமென்று இருந்தது.

மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிடப் போனபோது என் கையைப் பிடித்தார்.

"நான் நிறுத்தச் சொல்லித்தானேம்மா கேட்டேன்" என்றார். "கேட்டதத்தானே குடுத்தாரு?"

அப்படியெல்லாம் இல்லை அத்தை என்றேன். போதகரும் வந்து அதையேதான் சொன்னார். மாமியார் அதற்கப்புறமும் ஆராதனைக்குப் போனார், பாட்டெல்லாம் பாடினார். ஆனால் குறிப்பிட்டு ஒன்றை வேண்டி அவர் ஜெபித்து நான் கேட்கவில்லை. "உமக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவார்.

நான் அழுதுகொண்டே கட்டிலருகே போனபோது மாமனார் என்னைப் பார்த்தார். வாய் கோணலாக அசைந்தது. சத்தம் வரவில்லை. என்ன கேட்க நினைத்தார் என்று எனக்குத் தெரியும். ஆமாம் மாமா, மழைதான் என்று நானே பதில் சொன்னேன்.

மழை தொடங்குவதற்கு முன் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். விழுந்த காலைத் தினமும் மடக்கி நீட்டி அசைத்துக் கொடுக்க வேண்டும், அதற்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தால் கொஞ்சம் உயிர் வரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வரலாம் என்றார்கள், வரும் என்று சொல்லவில்லை. நல்ல நாற்காலிதான், அதிலேயே உட்காரவைத்தோம். இடது கால் மட்டும் பழையபடி மிதித்தது. எழும், அழுந்தும், வலதுக்காகக் கொஞ்சம் பொறுக்கும், வலது வராது, மறுபடி தானே எழும். அதைப் பார்க்க முடியாமல் நான் சமையலறைக்குப் போய்விடுவேன்.

என் கணவர் காலையில் ஆபீசுக்குப் போவதற்கு முன்னும், மாலையில் வந்த பின்னும் அந்தச் சிமெண்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அப்பாவின் வலது காலை இரண்டு கையாலும் எடுத்து அசைத்தார். முதலில் ஆஸ்பத்திரியில் காட்டிய மாதிரி மடக்கி நீட்டினார். அப்புறம் தானாகவே இடது காலைப் பார்த்துப் பார்த்து, அது எழும்போது இதை அழுத்தி, அது அழுந்தும்போது இதைத் தூக்கினார். ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தறிக்காரர் பிள்ளையாக இருந்தும் படிப்பு, ஆபீஸ் என்று போனதால் அவர் ஒரு நாளும் குழியில் இறங்கியவரில்லை. காலையும் மாலையும் அந்தக் கூடத்தில் மறுபடி 'தொம், தொம்' என்று சத்தம் கேட்டது.

பல வாரம் அப்படிப் போயிற்று. ஒரு மாலை வெளியே நல்ல மழை. இவருக்கு ஆபீசில் என்ன கோபமோ, நினைப்பு எங்கேயோ இருக்க, கை மட்டும் வேகமாக வேலை செய்துகொண்டிருந்தது. நான் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். மாமனார் தொண்டையில் ஏதோ கரகரவென்றது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. இவர் பதறிப்போய் நிமிர்ந்தார். மாமனார் தன் நல்ல கையால் மகன் தலையைத் தட்டினார். வாய் ஒரு பக்கம் இழுக்க, குழறிக் குழறிச் சொன்னார்.

"ஜல்தியா மிதிக்காதடா. நூலு அறுந்துடும்."

என் கணவர் கையை மெதுவாக்கினார். "இப்டியாப்பா?" என்று கேட்டார். மாமனார் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கவனித்தார். அப்புறம் தலையை ஆட்டினார். அவர் நிறுத்தச் சொல்லும் வரைக்கும் இவர் அன்றைக்கு நிறுத்தவே இல்லை.